வாண்டு ஏன் பள்ளிக்கூடம் போகல?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதான் எழுதி முடிச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நீளம் ஜாஸ்தி, பொறுமை இருக்கிறவங்க தொடருங்க.

மேட்டர் இதுதான். எங்க வாண்டுக்கு ஏழு வயசு. கணக்குப்படி இப்ப ரெண்டாங்கிளாஸ்ல இருக்கணும். யு.கே.ஜி. பாதியில நிறுத்தினதோட சரி, அதுக்கப்புறம் படிப்பெல்லாம் வீட்ல தான். நான் ஆம்பூர்ல வீட்ல இருந்தே பொட்டி தட்டுறவ. மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை பெங்களூர் ஆபீஸ்ல தலையைக் காட்டிட்டு வரணும். ரங்கமணிக்கு ஷூ கம்பெனியில வேலை. பகல்ல என்கூட வாண்டைப் பார்த்துக்கிறது எங்கம்மா. (இருபத்தொம்பது வயசுக்கு ஏழு வயசுல பொண்ணான்னு கணக்குப் போடுறவங்களுக்கு: ஆமாம், காலேஜ் முடிச்ச கையோட கல்யாணம். அது தனிப் பதிவு.)

ஊர்ல கேக்குற கேள்விகள் எல்லாம் எனக்கு இப்ப மனப்பாடம். ஃபீஸ் கட்ட முடியலயா? புள்ளைக்கு உடம்புக்கு எதுனா? நாலு பேரோட பழகாம எப்படி வளரும்? கடைசிக் கேள்விக்கு பதில் வேணும்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க தெருவுக்கு வாங்க. வாண்டு உருதுல சண்டை போடக் கத்துக்கிட்டது அங்க தான். எனக்கே பாதி புரியறதில்ல.

அப்புறம் மார்க். வீட்ல படிச்சா உருப்படுமான்னு கேட்டா எல்லாரும் ரெண்டு பேரை இழுப்பாங்க. 2010-ல் 14 வயசுல ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுல 33-வது ரேங்க் வாங்கின தில்லிப் பையன் சஹல் கௌசிக். பத்தாவது, பன்னெண்டாவது சர்டிஃபிகேட் எதுவும் இல்லாம, சர்வதேச கம்ப்யூட்டர் ஒலிம்பியாட் பதக்கங்களோட 2016-ல் அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில சேர்ந்த மும்பைப் பொண்ணு மாளவிகா ஜோஷி. ரெண்டும் உண்மை. ரெண்டும் எனக்கு உதவாது. லட்சத்துல ஒண்ணைக் காட்டி என் பொண்ணுக்கு நான் முடிவெடுக்க முடியாதில்லையா?

எனக்கு உண்மையில பதில் சொல்ல முடியாம திணறடிச்ச கேள்வி ஒண்ணே ஒண்ணு தான். அது எங்கம்மா கேட்டது.

"இன்னாடி இது? நானு ஊட்லயே உக்காந்து உக்காந்து தான் இப்டி ஆனேன். உன்னை ஸ்கூலுக்கு அனுப்பி இஞ்சினீர் ஆக்கினா, நீ என் பேத்தியைக் கொண்டாந்து திரும்ப ஊட்ல உக்கார வெக்கிறியா?"

அம்மா பொறந்தது குடியாத்தம் பக்கம். நாலாவது வரைக்கும் தான் பள்ளிக்கூடம். தாத்தா பீடி ஏஜென்ட் கிட்ட முன்பணம் வாங்கிட்டார். அதுக்கு ஈடா ஒம்பது வயசுல அம்மாவை பீடி வேலைக்கு உக்கார வெச்சாங்க. சின்னப் புள்ளைங்க விரல் சின்னதா இருக்கும், பீடி முனைய மடிச்சு விட வசதி. கல்யாணம் ஆகி ஆம்பூர் வந்தப்புறம் அப்பர் தைக்கிற வேலை. தெரியாதவங்களுக்கு: ஷூவோட மேல் பாகம் தான் அப்பர். கம்பெனிக்காக ஏஜென்ட் மூட்டையில கட்டிக் கொண்டு வந்து வீடு வீடா போடுவார். பொம்பளைங்க திண்ணையில உக்காந்து தடிமனான ஊசியால கையாலயே தைச்சுக் குடுக்கணும். ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. ஐரோப்பாவுல ஆயிரக்கணக்குல விக்கிற ஷூவுக்கு இங்க சில ரூபாய். பி.எஃப். கிடையாது, லீவு கிடையாது, கண்ணு போனா கேக்க ஆள் கிடையாது. அம்மாவுக்கு இப்ப ஆள்காட்டி விரல் முழுசா மடங்காது.

ஆக, எங்க ஊருல 'வீட்ல இருக்கிற புள்ளை'ன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. அந்தப் புள்ளை கையில ஏதோ வேலை இருக்குன்னு அர்த்தம்.

இது அம்மாவோட தனிக்கதை மட்டும் இல்ல. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு பேர் இருந்த காலத்துல இங்க பீடித் தொழில்ல கொத்தடிமையா இருந்த குழந்தைங்களைப் பத்தி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996-ல் வெளியிட்ட அறிக்கையே இருக்கு. இன்னும் பின்னாடி போனா நம்மாளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு வரும். 1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப கிராமத்து ஆரம்பப் பள்ளிகள்ல ஒரு மாற்றம் கொண்டு வந்தார். புள்ளைங்க பாதி நேரம் பள்ளிக்கூடத்துல படிக்கணும், மீதி நேரம் அப்பா அம்மா செய்யிற தொழிலைக் கத்துக்கணும். எதிர்த்தவங்க அதுக்கு வெச்ச பேர் தான் 'குலக்கல்வித் திட்டம்'. பெரியாரும் தி.மு.க.வும் தெருவுல இறங்கினாங்க. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். தோல் வேலை செய்யிற குடும்பத்துப் புள்ளையைப் பார்த்து 'அப்பன் தொழிலைக் கத்துக்கோ'ன்னு சொன்னா என்ன அர்த்தம்னு நான் விளக்கணுமா என்ன?

அதனால தான் சொல்றேன், நம்ம ஊர்ல வீட்டுக்கல்வின்னு ஒருத்தர் வாயைத் திறந்தா எடுத்த எடுப்புல ஜான் ஹோல்ட், இவான் இல்லிச்னு வெள்ளைக்காரங்க புத்தகத்தைத் தூக்கிட்டு வரக் கூடாது. (ரெண்டு பேரையும் படிச்சிருக்கேன், நல்லாத்தான் எழுதியிருக்காங்க.) ஹோல்ட் பேசினது பள்ளிக்கூடம் சலிச்சுப் போன அமெரிக்கப் புள்ளைங்களைப் பத்தி. எங்கம்மாவுக்குப் பள்ளிக்கூடம் சலிக்கல. கிடைக்கவே இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினாங்க. 14 வயசுக்குக் கீழ எந்த வேலையிலயும் வெக்கக் கூடாதுன்னு போட்டுட்டு, கூடவே ஒரு விலக்கும் வெச்சாங்க. ஆபத்தில்லாத குடும்பத் தொழில்ல, பள்ளி நேரம் முடிஞ்சோ விடுமுறையிலோ, புள்ளைங்க உதவி பண்ணலாமாம். இந்த வரியைப் படிச்சப்ப தான் அம்மா சொன்னது எனக்கு உறைச்சது. பள்ளிக்கூடமே போகாத புள்ளைக்கு 'பள்ளி நேரம் முடிஞ்சு'ங்கிறது எப்ப? ஸ்கூல்னு ஒண்ணு இருக்கிறதால தான் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் இந்தப் புள்ளை கையை யாரும் தொட முடியாதுன்னு ஒரு வேலி இருக்கு. வேலியை எடுக்கிறவ தான் பதில் சொல்லணும்.

சரி, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் நிறுத்தினேன்?

வாண்டு இடது கைக்காரி. போன பள்ளிக்கூடத்துல (பேர் வேணாம்) பென்சிலை வலது கைக்கு மாத்தி மாத்திக் குடுத்தாங்க. கேட்டா, "பழகிடும் மேடம்". மிஸ்ஸைக் குத்தம் சொல்லல, நாப்பத்தஞ்சு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க. தினம் மூணு பக்கம் கர்சிவ் எழுத்து, அஞ்சு வயசுக்கு. ராத்திரி ஒம்பதரைக்கு அழுதுகிட்டே எழுதுவா. சுவர் பூரா கிறுக்கிட்டு இருந்தவ, வரையறதையே விட்டுட்டா. பேச்சும் கொறஞ்சிடுச்சு. அதைத் தான் என்னால பார்த்துட்டு இருக்க முடியல.

வேற ஸ்கூல் பார்த்திருக்கலாமேன்னு கேப்பீங்க. பார்த்தோம். வாணியம்பாடி வரைக்கும் பார்த்தோம். எல்லா இடத்துலயும் அதே மூணு பக்கம், வேன் மட்டும் வேற கலர். அரசுப் பள்ளி? அதுக்கு வர்றேன்.

இப்ப எப்படிப் படிக்கிறான்னு ஒரு சாம்பிள். ரங்கமணி கம்பெனியில கழிச்சுப் போட்ட லாஸ்ட் ரெண்டு வாங்கிட்டு வந்தார். லாஸ்ட்னா கால் அச்சு. அது மேல தான் அப்பரை இழுத்து ஷூவுக்கு வடிவம் குடுப்பாங்க. ஒண்ணுல 39, இன்னொண்ணுல 36ன்னு பொறிச்சிருந்துச்சு. வாண்டு ஸ்கேலை எடுத்துட்டு உக்காந்துட்டா. அளந்தா 39 நம்பர்ல கிட்டத்தட்ட 26 சென்டிமீட்டர் தான் வருது. 36 நம்பர்ல 24.

"அம்மா, நம்பர் பொய் சொல்லுது."

பொய் இல்ல. ஐரோப்பிய சைஸ்ல ஒரு நம்பர்ங்கிறது ஒரு சென்டிமீட்டர் கிடையாது, சென்டிமீட்டர்ல மூணுல ரெண்டு பங்கு. அதுக்குப் 'பாரிஸ் பாயின்ட்'னு பேர். நான் இதைச் சொல்லல. 42 நம்பர் ஒண்ணு கிடைக்குமான்னு பார்ப்போம்னு மட்டும் சொன்னேன். ரங்கமணி கொண்டாந்தார், அளந்தா 28. ரெண்டு நாள் அதையே வெச்சுக்கிட்டு சுத்தினா. மூணாவது நாள் சாப்பிடறப்ப, "நம்பர் மூணு ஏறினா, ஸ்கேல் ரெண்டு ஏறுது". பின்னம்ங்கிற வார்த்தை அவளுக்கு அப்ப தெரியாது. விஷயம் தெரிஞ்சிடுச்சு.

அன்னிக்கு நான் எதிர்பார்க்காதது அம்மா. முப்பது வருஷமா 37, 38, 39ன்னு கட்டுக் கட்டா தைச்சுத் தள்ளினவங்க. அந்த நம்பர் எதோட அளவுன்னு ஒருத்தரும் அவங்களுக்குச் சொன்னதில்ல. ஸ்கேலை வாங்கி அவங்களே ஒரு தடவை அளந்து பார்த்தாங்க. அப்புறம், "எவனும் சொல்லலியே"ன்னாங்க. வேற ஒண்ணும் பேசல.

அறிவியலும் பெரும்பாலும் இப்படித் தான் ஓடுது. மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்கும், ஆரத்தி. டேனரியில தோல்ல இருக்கிற முடியை எடுக்கவும் அதே சுண்ணாம்புத் தொட்டி தான். அந்தக் காலத்துல ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டாங்க, அப்புறம் குரோமியம் வந்துச்சு. பாலாத்துல ஏன் தண்ணி இல்ல, கிணத்துத் தண்ணி ஏன் இப்படி இருக்குன்னு வாண்டு கேட்டா அங்க இருந்து தான் ஆரம்பிக்கணும். மாசு பண்றவங்க தான் அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது எங்க பெல்ட் வழக்குல தான், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கு. 2025 ஜனவரியில கூட பாலாறு விஷயமா இன்னொரு தீர்ப்பு வந்துச்சு. "அப்போ அப்பா கம்பெனி கெட்டதா?"ன்னு வாண்டு கேட்டதுக்கு ரங்கமணி ஒரு மணி நேரம் பதில் சொல்லிட்டு இருந்தார் பாவம்.

இப்ப நீங்க மடக்கலாம். லாஸ்ட், அப்பர், சுண்ணாம்பு... இதுவும் குலக்கல்வி தானேம்மான்னு. நானும் யோசிச்சேன். தொழிலைப் பத்திக் கத்துக்கிறது வேற, தொழிலுக்குக் கத்துக்கிறது வேறன்னு டயலாக் அடிக்கலாம், ஆனா டயலாக் வேலிக்கு ஆகாது. வேலியை அம்மாவே போட்டாங்க. வீட்ல வாண்டு ஊசி தொடக் கூடாது. விளையாட்டுக்குக் கூட. பொம்மைக்குச் சட்டை தைக்கிறேன்னு ஒரு நாள் கெஞ்சினா, ஆயா அசைஞ்சு குடுக்கல. எனக்கே இது கொஞ்சம் ஓவராத் தெரிஞ்சுது. ஆனா அந்த விரலைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். நான் வீட்ல பண்றதோட மூலம் எங்கன்னு தேடினா அது அரசாங்கப் பள்ளிக்கூடத்துல போய் நிக்குது. 1990-கள்ல இந்த மாவட்டத்துல குழந்தைக் கொத்தடிமைகளை மீட்கிற வேலையை முன்னெடுத்த கலெக்டர் எம்.பி. விஜயகுமார். அவரே பிறகு சென்னை மாநகராட்சி கமிஷனரா இருந்தப்ப 2003-ல் 13 பள்ளிகள்ல செயல்வழிக் கற்றலை ஆரம்பிச்சார். மதனப்பள்ளி பக்கத்துல இருக்கிற ரிஷிவேலியில கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கின அட்டைகள், ஏணிப்படி முறை தான் அதுக்கு மாதிரி. அதுக்கும் முன்னாடி ரிஷிவேலியில பாடம் நடத்தின டேவிட் ஹார்ஸ்பரோ, 1972-ல் கோலார் மாவட்டத்துல நீல்பாக்னு ஒரு பள்ளி தொடங்கி, வகுப்பு, பரீட்சை எதுவும் இல்லாம நடத்திட்டு இருந்தார். மதனப்பள்ளி, கோலார் ரெண்டுமே நம்ம ஊர்ல இருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்.

2007-ல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்துச்சு. நான் அப்ப அஞ்சாவது, எனக்குக் கிடைக்கல. நாலாவது வரைக்கும் தான். தம்பிக்குக் கிடைச்சது. தரையில பாய், புள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல கரும்பலகை, அவனவன் வேகத்துக்கு அட்டையை எடுத்துப் படிக்கலாம். வீட்டுப்பாடமே இல்லன்னு அம்மாவுக்குச் சந்தேகம், இது பள்ளிக்கூடமா சத்திரமான்னு. எனக்குப் பொறாமை. மேல்வகுப்பு வந்ததும் பழைய மனப்பாடத்துக்கே திரும்பினான், அது வேற சோகம்.

ஆக அரசுப் பள்ளி மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல. அங்க கிடைக்கிறதுல என்னால வீட்ல குடுக்க முடியாதது நிறைய. எல்லா சாதி, எல்லா மதத்துப் புள்ளைங்களோட ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடறதை நான் எப்படிக் குடுப்பேன்? 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கின சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு, இதெல்லாம் பாடப்புத்தகத்துக்குச் சமமான விஷயம். காலையில ஏழு மணிக்கு கம்பெனி பஸ் ஏறிப் போற பொம்பளைங்க கிட்ட போய் "புள்ளைக்கு வீட்லயே சொல்லிக் குடுங்க"ன்னு சொல்ற ஆளை நானே விரட்டுவேன். எனக்கு முடியுதுன்னா, வீட்ல இருந்து செய்யிற வேலையும் மாசச் சம்பளமும் சும்மா உக்காராத ஒரு அம்மாவும் இருக்கிறதால. 2020 மார்ச்சுல மூடின பள்ளிகள், ஒண்ணுல இருந்து எட்டாவது வரைக்கும், 2021 நவம்பர்ல தான் திறந்தாங்க. அந்த ஒன்றரை வருஷத்துக்கு மேல ஊரே வீட்டுக்கல்வி தான். எங்க தெருவுல ரெண்டு பசங்க அப்ப டேனரி பக்கம் போனவங்க, திரும்ப வகுப்புக்கு வரவே இல்ல. அதனால எல்லாருக்கும் சொல்ற வாதமே இல்ல இது. ஒரு புள்ளைக்கு, இந்த நாலஞ்சு வருஷத்துக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. 2009-ல் போட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தோட 10-வது பிரிவு, ஆறுல இருந்து பதினாலு வயசுப் புள்ளையைப் பக்கத்துப் பள்ளியில சேர்க்க வேண்டியது பெற்றோர் கடமைன்னு சொல்லுது. சேர்க்கலன்னா பெற்றோருக்கு என்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எதுவும் இல்ல. வீட்டுக்கல்விங்கிற வார்த்தையும் இல்ல. 2012-ல் தில்லி உயர் நீதிமன்றத்துல ஒரு வழக்குல, விரும்பி வீட்ல படிக்க வைக்கிறவங்களுக்கு இந்தச் சட்டம் தடை இல்லன்னு மத்திய அரசு பிரமாணப் பத்திரம் போட்டுட்டு, பிறகு அதுல இருந்து பின்வாங்குச்சு. அதாவது, அவங்களுக்கே குழப்பம். ஆனா அதே சட்டத்தோட 4-வது பிரிவு எனக்குப் பிடிச்ச பிரிவு. படிக்காம விட்ட புள்ளை எப்ப வந்தாலும் வயசுக்கேத்த வகுப்புல சேர்க்கணும், பின்தங்கினா தனியாப் பயிற்சி குடுக்கணும். கதவு திறந்தே இருக்கு.

அந்தக் கதவுக்கு நான் ஒரு தேதியும் வெச்சிருக்கேன், ஆறாம் வகுப்பு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில 14 வயசானா பத்தாவது எழுதலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை தேர்வு, அந்த வழி இருக்கிறது நல்லது தான். ஆனா தமிழ்நாட்டுல மருத்துவத்துக்கு 2020-லயும் பொறியியல் மாதிரி படிப்புகளுக்கு 2021-லயும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிப் பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபாய் தர்ற புதுமைப் பெண் திட்டம், ரெண்டும் ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குக் கிடைக்கும். என் கொள்கைக்காக அவ அதை இழக்கணுமா? மாட்டா. ஆறாவதுக்கு அரசுப் பள்ளி. ரங்கமணி, அம்மா, நான், மூணு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம்.

போன மே மாசம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தாங்க, கையில ஃபோன். பேர், வயசு, ஏன் பள்ளிக்கு வரல. நான் விளக்கமா ஆரம்பிச்சேன். அவங்க என்னைக் கேக்கல. வாண்டைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாங்க. ஊசி குத்தின தழும்பு, பீடி இலை வெட்டின கீறல், எதுனா இருக்கான்னு. இருந்தது ஸ்கெட்ச் பேனா மை மட்டும். இடது கையில.

உள்ள இருந்து அம்மா வந்து அந்த டீச்சருக்கு மோர் குடுத்தாங்க. ரெண்டு பேரும் குடியாத்தம் பக்கம்னு தெரிஞ்சதும் அரை மணி நேரம் பேச்சு. கிளம்பறப்ப டீச்சர் என்கிட்ட, "வருஷா வருஷம் வருவேன், பார்ப்பேன்"ன்னாங்க. "கண்டிப்பா வாங்க"ன்னு எனக்கு முந்தி சொன்னது அம்மா.

இப்போதைக்கு வீட்ல ஓடுற பஞ்சாயத்து யூ.கே. சைஸ். அதுல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இஞ்ச்ல மூணுல ஒரு பங்கு, பழைய காலத்துல ஒரு பார்லி மணியோட நீளமாம். ஆம்பூர் பஜார்ல பார்லி வாங்கிட்டு வந்து வாண்டும் ஆயாவும் தரையில வரிசையா அடுக்கிட்டு இருக்காங்க. மணி ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லன்னு ஆயா கம்ப்ளெயின்ட்.